சாத்தன் மகன் கொற்றன்

மதுரை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெருங்குடி. சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையில் இன்னொன்று. எது என்று கேட்டால் ‘ஓ.எம்.ஆர். பெருங்குடி’ என்கிறோம். ஆள்பெயர் மோதும்போதும் தமிழர் செய்தது இதுதான்: முன்னால் ஓர் அடை. அந்த அடை ஒற்றை எழுத்தாகத் தேய்ந்ததே இனிஷியல் என்கிற முன்னெழுத்து.

எழுத்தாகச் சுருங்கியது ஆங்கிலக் கல்வியும் அலுவலகப் பதிவேடும் வந்த பிறகு. வழக்கமோ மிகப் பழையது. தந்தை பெயரோடு மகன் பெயர் புணர்வதற்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரத்திலேயே விதி உண்டு. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் சாத்தங்கொற்றன். அதாவது, சாத்தன் மகன் கொற்றன். கொற்றங்கொற்றன் என்றும் ஒருவனைக் காட்டுகிறார்கள், அப்பனும் கொற்றன்தான். சங்கப் புலவர்களிலும் சாத்தனார் பலர். சீத்தலை, பெருந்தலை என்று பிரித்தறிந்தார்கள். நக்கீரருக்கு ஊரும் தந்தையும் சேர்ந்து வந்தன: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். இருபதாம் நூற்றாண்டில் மஞ்சப்பரா தேவேச ராமநாதன் ‘எம்.டி. ராமநாதன்’ ஆனதும் அதே கணக்கில்தான். திரையிசை அமைத்த ஜி. ராமநாதன் வேறு ஆள் என்பதை அந்த எழுத்தே சொல்லிவிடும்.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கச் சொன்னது. பட்டம் உதிர உதிர, ஒரே பெயருடைய இருவரைப் பிரிக்கும் வேலை முழுவதும் முன்னெழுத்தின் மேல் விழுந்தது. சாதியைச் சொல்லாமல் ஆளைச் சொல்லும் இந்த எழுத்தை நம் சமூகம் அடைந்த பெரும் பேறாகவே நினைக்கிறேன். அதனால்தான் பெருங்குடியின் மென்பொருள் அலுவலகங்களில் ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தில் அப்பா பெயரை நிரப்பிவிட்டு, பிறகு அந்தப் பெயராலேயே அழைக்கப்படும் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை.

இந்த இடமாற்றம் விளையாட்டுக்காரர்களிடம் துலக்கமாகத் தெரியும். டி.கே. ராமநாதனின் மகன் கிருஷ்ணன், 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். உலகம் அவரை ராமநாதன் கிருஷ்ணன் என்றது, தந்தை முன்னே. அவர் மகனோ ரமேஷ் கிருஷ்ணன், தந்தை பின்னே. ஒரே தலைமுறையில் முன்னெழுத்து குடும்பப்பெயர் ஆகிவிட்டது. பின்னாளில் டேவிஸ் கோப்பை ஆடிய ராம்குமார் ராமநாதனிலும் தந்தை பின்னேதான். கிராண்ட்மாஸ்டர் கிருஷ்ணன் சசிகிரணுக்கோ மறுபடி முன்னே. விஸ்வநாதன் ஆனந்தை ‘விஷி’ என்று செல்லமாகக் கூப்பிட்ட வெளிநாட்டு ரசிகர்கள் உண்மையில் கூப்பிட்டது அவருடைய அப்பாவை.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தரப்பட்டியலில் தம்பி ‘பிரக்ஞானந்தா ஆர்.’, அக்கா ‘வைஷாலி ரமேஷ்பாபு’. தம்பிக்கு எழுத்தாக நிற்பவரும் அக்காவுக்கு முழுப்பெயராக நிற்பவரும் ஒரே தந்தை. அவர்களுக்குப் பயிற்சி தந்த ஆர்.பி. ரமேஷ் வேறொருவர்.