பெயர் மாற்றங்களின் ஊடே ஒரு விஞ்ஞானச் சங்கம்: அமெரிக்க விலங்கு விஞ்ஞானச் சங்கம் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளையும் கண்டுபிடித்தோரையும் பற்றியே எழுதுவர். அவர்கள் கூடிய சங்கங்களும் அச்சங்கங்கள் வெளியிட்ட ஏடுகளும் அடிக்குறிப்பு அளவிலேயே நின்றுவிடுகின்றன. ஆயின் எது ஆய்வு, எது ஆய்வன்று என்னும் தீர்ப்பினைப் பல சந்தர்ப்பங்களில் வழங்கியவை இச்சங்கங்களே என்பது மனங்கொள்ளத்தக்கது. 1908 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய சங்கமொன்று இதற்குத் தக்க உதாரணமாகும். தோன்றியபோது அதன் பெயர் ‘அமெரிக்க விலங்குப் போசணைச் சங்கம்’. சில ஆண்டுகளுள் அது ‘அமெரிக்க விலங்கு உற்பத்திச் சங்கம்’ ஆயிற்று. 1961 இல் ‘அமெரிக்க விலங்கு விஞ்ஞானச் சங்கம்’ என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. இம்மூன்றனுள் நடுவிலமைந்த பெயரே சங்கத்தின் இயல்பை மிகத் தெளிவாக உணர்த்துகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

சங்கம் தோன்றிய சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். 1862 இன் மொறில் சட்டம் மாநிலந்தோறும் விவசாயக் கல்லூரிகள் அமைய வழிவகுத்தது. 1887 இன் ஹட்ச் சட்டம் அக்கல்லூரிகளைச் சார்ந்த பரிசோதனை நிலையங்களுக்கு ஆண்டுதோறும் 15,000 டொலர் வழங்கியது. பணம் கிடைத்ததேயன்றி ஆய்வுக்கான சுதந்திரம் கிடைக்கவில்லை. நிலையங்களில் பணியாற்றிய இரசாயனவியலாளர் பலரின் காலம் உரத்தைச் சோதிப்பதிலும், விவசாயிகளின் கடிதங்களுக்கு விடையெழுதுவதிலும், ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றுவதிலும் கழிந்தது. மாநிலச் சட்டசபையினரும் செல்வாக்குள்ள நிலவுடைமையாளரும் உடனடிப் பயனையே எதிர்பார்த்தனர். இந்நிலையை ஓரளவு மாற்றியது 1906 இன் அடம்ஸ் சட்டம். அதன்கீழ் வழங்கப்பட்ட மேலதிக நிதி மூல ஆய்வுக்கு மட்டுமே செலவிடப்படலாம் என்று விதிக்கப்பட்டது. மூல ஆய்வு யாதென யார் கூறுவது என்னும் வினா அப்போது எழுந்தது. அதற்கு விடைகூறத்தக்க மன்றம் எதுவும் விலங்கு ஆய்வாளரிடம் இருக்கவில்லை. பாற்பண்ணைத் துறையினர் 1906 இலேயே தமக்கெனச் சங்கமொன்றை அமைத்துக்கொண்டனர். இரண்டு ஆண்டுகளின் பின், 1908 கோடையில் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற விவசாயப் பட்டப்பின் பள்ளியில் கூடிய போசணை ஆய்வாளர் தமது சங்கத்தை நிறுவினர். அதன் முதலாவது தலைவராகப் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹென்றி பிரென்ரிஸ் ஆம்ஸ்பி தெரிவுசெய்யப்பட்டார்.

ஆம்ஸ்பி இப்பதவிக்கு வந்தமை தற்செயலன்று. ஜேர்மனியில் லைப்சிக் நகரில் பயின்ற அவர், மாட்டுத் தீவனம் பற்றிய ஜேர்மானிய ஆய்வுகளை அமெரிக்கருக்கு அறிமுகப்படுத்திய நூலொன்றை 1880 இல் வெளியிட்டவர். 1902 அளவில் அவரது பென்சில்வேனிய நிலையத்தில் சுவாசக் கலோரிமானி ஒன்று அமைக்கப்பட்டது. ஒரு முழு எருது உள்ளே நிற்கக்கூடிய அறை அது. எருது வெளிவிடும் வெப்பத்தை அறையினுள் குழாய்வழி ஓடும் நீர் ஏந்திச் செல்லும். அந்நீரின் வெப்பநிலை மாற்றத்தைக் கொண்டு, உண்ட தீவனத்தின் சக்தியில் எவ்வளவு வெப்பமாக வீணாகின்றது, எவ்வளவு தசையாகவும் கொழுப்பாகவும் உடலிற் சேர்கின்றது எனக் கணிக்கலாம். எரித்துப் பார்க்கும்போது ஏறத்தாழ ஒரே அளவு வெப்பந்தரும் வைக்கோலும் சோளமும் மாட்டின் உடலுக்கு ஒரே பயனைத் தருவதில்லை. வைக்கோலை மென்று சமிப்பதற்கே சக்தியின் பெரும்பகுதி செலவாகிறது. ஆம்ஸ்பியின் ‘தேறிய சக்தி’ என்னும் அளவை இங்கிருந்து பிறந்தது.

இதனைச் சற்று விரித்துரைத்தமைக்குக் காரணமுண்டு. அக்காலத்தில் ஒவ்வொரு நிலையமும் தனக்கென ஓர் அளவையைக் கையாண்டது. ஓரிடத்தில் நான்கு மாடுகளைக் கொண்டு செய்த பரிசோதனையின் முடிவை வேறோரிடத்து முடிவோடு ஒப்பிட முடியவில்லை. ஆய்வாளரை ஒருங்கிணைத்த முதலாவது தேவை இந்தப் பொது அளவையே எனலாம். மேலும், சக ஆய்வாளரின் கண்டனத்துக்கு உட்பட்ட ஒருவர், ஊர்ப் பெருந்தனக்காரரின் விருப்பத்துக்கு மாறான முடிவையும் துணிந்து வெளியிடலாம். சங்கம் ஆற்றிய இப்பணியைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது.

சங்கம் பிறந்த அதே காலத்தில் விஸ்கொன்சினில் மற்றோர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. 1907 இல் தொடங்கிய அப்பரிசோதனையில் 16 கிடாரிக் கன்றுகள் நான்கு கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. ஒரு கூட்டத்துக்குச் சோளப்பயிர், ஒன்றுக்குக் கோதுமை, ஒன்றுக்கு ஓட்ஸ், மற்றொன்றுக்கு மூன்றின் கலவை. இரசாயனப் பகுப்பின்படி நான்கும் சமமான உணவுகள். ஆயினும் சோளமுண்ட பசுக்கள் செழித்து நல்ல கன்றுகளை ஈன்றன. கோதுமையுண்டவை நலிந்தன, அவற்றின் கன்றுகள் பிழைக்கவில்லை. அக்கால இரசாயனம் காணாத ஏதோவொன்று தீவனத்தில் இருந்தது. அதனைத் தேடும் வழியிலேயே அக்குழுவைச் சேர்ந்த மக்கொலம், மாகரெற் டேவிஸ் என்பாரோடு இணைந்து, பின்னர் விற்றமின் ‘ஏ’ எனப்பட்டதை 1913 இல் இனங்கண்டார். இப்பரிசோதனைக்குத் தூண்டுகோலாக இருந்த ஸ்ரீபன் பப்கொக், 1890 இல் தாம் கண்ட பாற்கொழுப்புச் சோதனைக்குக் காப்புரிமை பெறாது அதனை உலகுக்கு வழங்கியவர்.

இத்தகைய ஆய்வாளர் ஆண்டுதோறும் கூடிய இடம் எது? பல்கலைக்கழக நகரொன்றன்று. பல காலம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டங்கள் சிக்காகோவில், யூனியன் கால்நடைச் சந்தையில் நிகழ்ந்த சர்வதேசக் கால்நடைக் கண்காட்சியை ஒட்டியே நடைபெற்றன. அச்சந்தையைச் சூழ்ந்த இறைச்சித் தொழிற்சாலைகளின் தொழிலாளர் நிலையைத்தான் அப்ரன் சின்க்ளேயர் 1906 இல் ‘த ஜங்கிள்’ நாவலில் உலகறியச் செய்திருந்தார். கூட்டத்தை அங்கு வைத்தமைக்கு நடைமுறை வசதியும் காரணமாயிருக்கலாம். புகையிரதப் பாதைகள் யாவும் அந்நகரிலேயே கூடின. எனினும் இடம் வெறும் இடமன்று. ‘போசணை’ என்னும் சொல் விலங்கின் உடலைச் சுட்டியது. ‘உற்பத்தி’ என்னும் சொல் சந்தையைச் சுட்டியது.

முரண்பாடு ஒன்றையும் இங்கு குறிப்பிடல் தகும். கண்காட்சியில் பரிசுபெறும் எருது கண்ணாற் பார்த்தே தெரிவுசெய்யப்பட்டது. வம்சமும் தோற்றமுமே அளவுகோல். ஆய்வாளரோ இதனை உள்ளிருந்தே தகர்த்தனர். 1930 இல் அயோவா மாநிலக் கல்லூரிக்கு வந்த ஜே லஷ், 1937 இல் வெளியிட்ட விலங்கு விருத்தி பற்றிய நூலில், புள்ளிவிபரவியலையும் பிறப்புரிமையியலையும் இணைத்து, தோற்றத்துக்குப் பதிலாக அளந்தறியப்பட்ட பேறுகளை முன்வைத்தார். ஆண்டுக் கூட்ட அறிக்கைகளோடு அமைந்திருந்த சங்கம், 1942 இல் தனது ஆய்வேட்டைத் தொடங்கியபோது இத்தகைய எண்சார் ஆய்வுகளுக்கு நிலையான களம் கிடைத்தது.

ஆனால் எண் எதனை அளந்தது? நாளொன்றுக்கு எடை எவ்வளவு கூடியது, அதற்குத் தீவனம் எவ்வளவு செலவாயிற்று என்பவற்றையே முதன்மையாக அளந்தது. இதன் விளைவை டைஎதில்ஸ்ரில்பெஸ்ரோல் என்னும் செயற்கை ஓமோனின் வரலாற்றிற் காணலாம். 1938 இல் இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட இப்பொருளைத் தீவனத்திற் சிறிதளவு கலந்தால் எருதுகள் குறைந்த தீவனத்தில் விரைந்து பருக்கும் என 1954 இல் அயோவாவைச் சேர்ந்த வைஸ் பரோஸ் குழுவினர் அறிவித்தனர். அவ்வாண்டு முடியுமுன்னரே அரசின் அனுமதி கிடைத்தது. கல்லூரியின் ஆய்வு நிதியம் காப்புரிமை கொண்டது. எலி லில்லி கம்பெனி விற்பனை செய்தது. சில ஆண்டுகளுள் பெரும்பாலான கொழுப்பேற்றும் பண்ணைகளில் அது புகுந்தது. பப்கொக்கின் காலத்துக்கும் இதற்கும் இடைப்பட்ட தூரம் அறுபத்து நான்கு ஆண்டுகள் மட்டுமே.

1971 இல், கருப்பகாலத்தில் மருந்தாக இதனை உட்கொண்ட தாய்மாரின் புதல்வியரிடம் அரிதான புற்றுநோய் காணப்படுவது வெளியாயிற்று. இறைச்சியில் எஞ்சும் நுண்ணளவு அதே தீங்கை விளைக்குமா என்பது வேறு வினா. அதன்மீது விஞ்ஞானிகள் இருசாராராயினர். 1972 இல் அரசு விதித்த தடையை, உரிய விசாரணை நடைபெறவில்லை எனக் காட்டி நீதிமன்றம் 1974 இல் நீக்கியது. இறுதித் தடை 1979 இலேயே வந்தது. இருபத்தைந்து ஆண்டுகள்!

இதற்காக ஒரு சங்கத்தையோ ஒரு தனிமனிதரையோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்துதல் எமது நோக்கமன்று. பரோஸின் பரிசோதனைகள் அத்துறையின் விதிகளின்படி செம்மையாகவே செய்யப்பட்டவை. விதிகளிலேதான் குறை இருந்தது. நிலவுடைமையாளரின் பிடியிலிருந்து ஆய்வாளரை விடுவித்த அதே சக விஞ்ஞானிகளின் மன்றத்தில், இறைச்சியை உண்பவருக்கும் அதனை வெட்டும் தொழிலாளிக்கும் ஆசனம் இருக்கவில்லை. தடைக்கான வினா கால்நடைத் துறைக்கு உள்ளேயிருந்து எழாமல், பெண்களின் நோயை ஆராய்ந்த மருத்துவரிடமிருந்தும் நுகர்வோர் இயக்கங்களிடமிருந்தும் எழுந்தது. 1961 இல் பெயர்ப்பலகையிலிருந்து ‘உற்பத்தி’ நீங்கியபோது, அந்த ஓமோன் ஏழாவது ஆண்டாக மாட்டுத் தீவனத்திற் கலக்கப்பட்டுக்கொண்டிருந்தது.