ஏரி இல்லாத சோழநாடு

தமிழ்நாட்டில் ஒருவருக்கு வரலாறு அறிமுகமாகும் வழிகள் நெடுங்காலம் இரண்டாகவே இருந்தன. ஒன்று பாடநூல், மற்றொன்று கல்கி வழிவந்த தொடர்கதை. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் பள்ளிப் பருவத்தில் இருந்தவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழி திறந்தது. அதன் பெயர் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரில் இயங்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கி, 1999 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கணினி விளையாட்டு அது. இடைக்கால உலகின் 13 நாகரிகங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மூன்று குடியானவர்களோடும் ஓர் ஊர்மன்றத்தோடும் தொடங்கி, மரம் வெட்டி, ஆடு மேய்த்து, பொன்னும் கல்லும் தோண்டி, கோட்டை கட்டிப் பேரரசாக வளர வேண்டும். எதிரே இருப்பது கணினியாகவும் இருக்கலாம், அடுத்த இருக்கைத் தோழனாகவும் இருக்கலாம். எட்டுப் பேர் வரை ஒரே களத்தில் மோதலாம்.

அந்த 13 நாகரிகங்களுள் பிரிட்டானியர் இருந்தனர், பிராங்குகள் இருந்தனர், சீனரும் ஜப்பானியரும் மங்கோலியரும் இருந்தனர். இந்தியாவிலிருந்து எவரும் இல்லை. போர்யானை மட்டும் இருந்தது. அது பாரசீகருக்குரிய சிறப்புப் படையாக வந்தது. 2000-இல் வெளிவந்த 'தி கான்கரர்ஸ்' என்னும் விரிவாக்கம் அஸ்டெக்குகள், மாயர்கள், ஹூணர்கள், கொரியர்கள், ஸ்பானியர்கள் என ஐவரைச் சேர்த்தது. அப்போதும் இந்தியாவுக்கு இடமில்லை. எங்கள் தலைமுறைக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை என்பதுதான் இன்று யோசிக்கையில் வியப்பளிக்கிறது. 'பிரவுசிங் சென்டர்' என்று அழைக்கப்பட்ட இணைய மையங்களில், மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆறேழு கணினிகளை வலைப்பின்னலில் இணைத்து ஆடிய நாங்கள், பிராங்குகளாகவும் தியூத்தானியராகவும் உருமாறுவதில் எந்தத் தயக்கமும் கொண்டதில்லை. பேரரசு என்றால் அது வேறெங்கோ நிகழ்வது என்ற எண்ணம் அத்தனை இயல்பாக ஊறியிருந்தது.

இவ்விளையாட்டின் பெருமைகளுள் ஒன்று, ஒவ்வொரு நாகரிகத்தின் மக்களும் தத்தம் மொழியில் பேசுவது. ஒரு குடியானவனைச் சொடுக்கினால் அவன் தன் மொழியில் ஓரிரு சொல் உதிர்ப்பான். மங்கோலியன் மங்கோலியத்திலும் ஜப்பானியன் ஜப்பானியத்திலும் விடையிறுத்தனர். இதில் ஒரு விநோதமும் உண்டு. பைசாந்தியர் இலத்தீனில் பேசினர். உண்மையில் 7-ஆம் நூற்றாண்டு முதலே அப்பேரரசின் ஆட்சிமொழி கிரேக்கம். ஆயினும், பாடநூல்கள் மன்னர்களின் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் மட்டுமே தந்துகொண்டிருந்த காலத்தில், இறந்துபோன உலகங்களுக்குக் குரல் இருந்தது என்பதை முதன்முதலில் உணர்த்தியது இவ்விளையாட்டுதான் எனலாம்.

*

பலர் சேர்ந்து ஆடுவதை அன்றைய தொழில்நுட்பம் எவ்வாறு சாத்தியமாக்கியது என்பது தனியாகச் சொல்லத்தக்க வரலாறு. தொலைபேசிக் கம்பி வழியே, நொடிக்கு 28.8 கிலோபிட் வேகமுள்ள மோடத்தில், எட்டுப் பேரின் நூற்றுக்கணக்கான வீரர்கள் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். ஒவ்வொரு வில்லாளன் நிற்கும் இடத்தையும் அவன் எய்த அம்பு செல்லும் திசையையும் கம்பியில் அனுப்பினால் அது தாங்காது. என்செம்பிளின் நிரலாளர்களான பால் பெட்னர், மார்க் டெரானோ இருவரும் 2001-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் தாங்கள் கண்ட தீர்வை விளக்கியிருக்கிறார்கள். வீரர்களின் நிலையை அனுப்ப வேண்டியதில்லை. ஆடுபவரின் கட்டளையை மட்டும் அனுப்பினால் போதும். எல்லாக் கணினிகளும் ஒரே தொடக்க நிலையிலிருந்து, ஒரே கட்டளைகளை, ஒரே வரிசையில் நிறைவேற்றினால் எல்லாத் திரைகளிலும் ஒரே போர் நிகழும். சுமார் 200 மில்லிநொடிக்கு ஒரு முறை என ஆட்டத்தைச் சிறு சுற்றுகளாகப் பகுத்து, இப்போது இடும் கட்டளை இரண்டு சுற்றுகள் கழித்து நிறைவேறும்படி அமைத்தார்கள்.

இம்முறையில் ஓர் அபாயம் உண்டு. எங்கோ ஒரு மூலையில் ஒரு மான் இம்மியளவு தள்ளி நின்றாலும் போதும். சில நிமிடங்களில் ஒரு குடியானவனின் ஈட்டி குறி தவறும், அவன் இறைச்சியின்றி வீடு திரும்புவான், உணவுக் கணக்கு மாறும், ஒருவர் திரையில் உள்ள உலகமும் மற்றவர் திரையில் உள்ள உலகமும் வேறுவேறாகிவிடும். அப்படி நேர்ந்தால் ஆட்டமே நின்றுவிடும். அவர்கள் கண்டறிந்த இன்னொரு செய்தியும் சுவையானது. கட்டளை நிறைவேறக் கால் நொடி தாமதித்தால் ஆடுபவர் அதை உணர்வதேயில்லை. அரை நொடி வரை கூடப் பொறுத்துக்கொள்கிறார். ஆனால் தாமதம் ஒருமுறை குறைந்தும் ஒருமுறை கூடியும் வந்தால் எரிச்சலடைகிறார். வேகத்தைவிடச் சீரான தாளமே மனிதருக்கு முக்கியம். தாளத்தில் கலந்துகொள்ளும் பக்கவாத்தியக்காரர்களுக்கு இது புதிய செய்தியன்று.

இவ்விளையாட்டை இணையத்தில் ஆடுவதற்கென மைக்ரோசாஃப்ட் நடத்திய 'ஸோன்' தளத்தில் இதற்கான அறைகள் 2006-இல் மூடப்பட்டன. 2009 தொடக்கத்தில் என்செம்பிள் நிறுவனமே மூடப்பட்டது. பொதுவாக ஒரு கணினி விளையாட்டின் கதை இங்கே முடிந்துவிடும். இதற்கு அவ்வாறு நேரவில்லை. கேம்ரேஞ்சர், வூப்ளி போன்ற பிறர் நடத்திய தளங்களில் ஆட்டம் தொடர்ந்தது. ஆர்வலர்கள் சிலர் 2012-இல் தாங்களாகவே புதிய நாகரிகங்களைச் சேர்த்து 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்ற இலவச விரிவாக்கத்தை வெளியிட்டனர். 2013-இல் மைக்ரோசாஃப்ட் இவ்விளையாட்டை மெருகேற்றி மறுவெளியீடு செய்தபோது, அந்த ஆர்வலர்களின் படைப்பே அதிகாரபூர்வமான விரிவாக்கமாக ஏற்கப்பட்டது. 2019 நவம்பரில் முற்றிலும் புதுப்பிக்கப்பட்ட 'டெஃபினிட்டிவ் எடிஷன்' வந்தது. நாகரிகங்களின் எண்ணிக்கை இப்போது நாற்பதைக் கடந்துவிட்டது. வாசகர்கள் எழுதிச் சேர்த்த பகுதிகள் மூலநூலோடு ஒன்றாகிவிடுவதைப் போன்ற நிகழ்வு இது. நம் பழைய இலக்கியங்களில் இடைச்செருகல் என்று முகஞ்சுளிப்போம். இங்கே அதுவே நூலுக்கு உயிர் கொடுத்தது.

*

இருபதாண்டுகள் கழித்து அவ்விளையாட்டின் புதிய வடிவத்துக்குள் நுழைபவரை முதலில் வரவேற்பது ஓர் எண். சதுரங்கத்தில் ஆட்டக்காரர்களின் வலிமையை அளக்க அர்பாத் ஏலோ என்னும் இயற்பியலாளர் வகுத்த மதிப்பீட்டு முறையே இங்கும் பின்பற்றப்படுகிறது. புதியவருக்கு 1000 புள்ளிகள். வென்றால் ஏறும், தோற்றால் இறங்கும். உங்களுக்கு நிகரான ஒருவரை உலகின் ஏதோவொரு மூலையிலிருந்து கணினியே தேடிப் பிடித்து எதிரே நிறுத்துகிறது. அவர் பிரேசில் நாட்டவரா, வியட்நாம் நாட்டவரா என்பதை அவர் சூடியிருக்கும் பெயரிலிருந்து ஊகிக்க முயலலாம், அவ்வளவே. ஆட்டம் முடிந்ததும் இருவரும் இரண்டெழுத்தில் மரியாதை சொல்லி நிரந்தரமாகப் பிரிகிறார்கள்.

நேர்மையாகச் சொன்னால், இப்போதைய ஆட்டம் முன்னைவிடச் சிறந்தது. நிலம் வளமிழந்தால் தானே மறுபடி விதைத்துக்கொள்கிறது. ஒற்றன் தானே நாட்டைச் சுற்றி வருகிறான். போட்டி சமமானது. முன்னாளில் கணினி வைத்திருந்த வீட்டுப் பையனே எப்போதும் வென்றான். மற்றவர்கள் அவனிடம் தோற்பதற்குக் காசு கொடுத்தோம். இன்று தோல்வியும் வெற்றியும் ஏறக்குறையச் சரிபாதியாக வருமாறு இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. உலகப் போட்டிகள் நடக்கின்றன. 2022-இல் ஒரு பெரும் போட்டி ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டையிலேயே நடத்தப்பட்டது. கற்கோட்டைக்குள் அமர்ந்து திரைக்கோட்டையைத் தகர்த்தார்கள்.

இழந்தது வேறு. இவ்விளையாட்டில் எண்களைத் தட்டினால் அதற்குரிய குரல் எழும். 3 என்றால் உணவு வேண்டும், 4 என்றால் மரம் வேண்டும், 11 என்றால் உரத்த சிரிப்பு. இன்றும் உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் சிரிப்புக்குப் பதில் '11' என்றே எழுதுகிறார்கள். அக்காலத்தில் எங்களுக்கு அந்த எண்கள் தேவைப்பட்டதில்லை. உணவு வேண்டுமென்றால், "டேய், சோறு அனுப்புடா!" என்று கத்தினால் போதும், தடுப்புப் பலகைக்கு அப்பால் இருப்பவன் அனுப்பிவிடுவான். எதிரியின் சிரிப்பு ஒலிபெருக்கியில் வராது, நேராகக் காதில் விழும். எட்டுக் கணினிகளிலும் ஒரே உலகம் நிகழ வேண்டும் என்பதற்காக நிரலாளர்கள் அத்தனை பாடுபட்டார்கள்; எங்களுக்கோ அதற்கு முன்பே ஒரே அறை இருந்தது. இன்று உலகம் பிசகாமல் ஒன்றாக இருக்கிறது, அறைதான் இல்லை.

*

2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவாக்கம் வெளிவந்தது. 2013-இல் சேர்க்கப்பட்ட 'இந்தியர்' என்னும் ஒற்றை நாகரிகம், இந்தி பேசிய அந்த நாகரிகம், களையப்பட்டு, இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என்று பிரிந்து வந்தது. திராவிடக் குடியானவனைச் சொடுக்கினால் தமிழில் பதில் வருகிறது. இராசேந்திர சோழனின் போர்களைக் கதையாகக் கொண்ட தனித் தொடரும் உண்டு. 23 ஆண்டுகள் பிறமொழிகளில் ஏவல் கேட்டவர்களுக்கு அந்த முதற்சொல் தரும் சிலிர்ப்பை மறைக்க வேண்டியதில்லை. சிலிர்ப்பு அடங்கிய பிறகுதான் கேள்விகள் எழுகின்றன.

முதற்கேள்வி பெயர் பற்றியது. தென்னிந்திய மொழிக்குடும்பத்துக்குத் 'திராவிட' என்ற பெயரை நிலைபெறச் செய்தது கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம். அச்சொல் வடமொழியில் பழையதே. ஆயினும், தஞ்சையின் சோழனையும் கல்யாணியின் சாளுக்கியனையும் ஒரே இனமாக்கும் பொருள் 11-ஆம் நூற்றாண்டில் அதற்கு இல்லை. அவ்விருவரும் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டவர்கள். 19-ஆம் நூற்றாண்டு மொழியியலின் சொல்லொன்று இடைக்காலப் படையின் கொடியாகியிருக்கிறது. மறுபுறம், 'கெல்ட்டியர்', 'சாரசேனியர்' ஆகிய பெயர்களும் இத்தகையனவே என்பதால், இந்த அநீதி எல்லோருக்கும் சமமாகவே பங்கிடப்பட்டிருக்கிறது.

படைகளைப் பார்ப்போம். சிறப்புப் படை உருமி வீச்சாளன். களரியின் சுருள்வாள் அது. சிறப்புக் கப்பலின் பெயர் திரிசடை. கம்பனைப் படித்தவர்களுக்கு அசோகவனத்தில் சீதைக்குத் துணைநின்றவளே நினைவுக்கு வருவாள். அவள் பெயரில் ஒரு போர்க்கப்பல் அம்பு மழை பொழிவதைக் காண்பது தனி அனுபவம். உருக்கைக் குறிக்கும் 'வூட்ஸ்' எஃகு ஓர் ஆய்வாக இடம்பெற்றிருப்பது பொருத்தம். தென்னாட்டு உருக்கு உலகப் புகழ் பெற்றிருந்தது. கனத்த குதிரைப்படை இவர்களுக்கு இல்லை என்பதும் நல்ல முடிவு. பாண்டிய நாட்டுக்குக் கடல் கடந்து ஆண்டுதோறும் குதிரைகள் இறக்குமதியானதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். குதிரை இங்கே வாங்க வேண்டிய பொருள், விளைந்த பொருளன்று.

ஆனால் அடித்தளச் சட்டகம் 1999-இல் வகுக்கப்பட்டதே. எந்த நாகரிகமாயினும் இருண்ட காலம், நிலமானியக் காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் என்ற நான்கு படிகளில் ஏறியாக வேண்டும். ஐரோப்பாவின் ஏணி அது. இந்திய இடைக்காலத்தை நிலமானியம் என்று அழைக்கலாமா என்பது வரலாற்றறிஞர்களிடையே பல பத்தாண்டுகள் நீடித்த வாதம். ஆர். எஸ். சர்மா 1965-இல் 'இந்திய நிலமானியம்' என்று நூலே எழுதினார். சோழ அரசு அப்படிப்பட்டதன்று, அது கூறுகளாகப் பிரிந்த அரசு என்று பர்ட்டன் ஸ்டைன் 1980-இல் வாதிட்டார். கல்வெட்டுகளைக் கணக்கிட்டு ஆராய்ந்த நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் வேறு சித்திரங்களைத் தந்தார்கள். விளையாட்டில் 500 உணவு செலுத்தினால் அந்த வாதம் தீர்ந்துவிடுகிறது.

அதைவிட முக்கியமானது நீர். விளையாட்டில் 60 மரம் கொடுத்தால் வயல் முளைக்கும், தண்ணீர் தேவையில்லை. சோழர் வரலாற்றின் உட்கருவே தண்ணீர். பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. அவ்வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. கங்கை வரை படையை அனுப்பி வென்ற இராசேந்திரன் தன் புதிய தலைநகரில் எழுப்பிய வெற்றிச் சின்னமும் ஓர் ஏரிதான். அந்தச் சோழகங்கத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித்தூண் என்று வருணிக்கிறது. விளையாட்டில் மலையை ஒட்டிக் கோட்டை கட்டலாம், உலக அதிசயம் ஒன்றை எழுப்பலாம், காட்டை அழிக்கலாம். ஏரி வெட்ட முடியாது. இராசேந்திரனாக ஆடுபவர் அவனுடைய போர்களையெல்லாம் வெல்லலாம். அந்த வெற்றியை அவன் எதில் பொறித்தானோ அதை மட்டும் உருவாக்க இயலாது.

இதனால் விளையாட்டைப் பழிக்க வேண்டியதில்லை. ஒரு சட்டகத்துக்குள் அடங்குவதையே அது காட்டும். தொடர்கதையும் அப்படித்தான், மன்னர் வரிசையைச் சொல்லும் பாடநூலும் அப்படித்தான். நம்மிடமுள்ள பெரும்பாலான சோழர் கதைகளிலும் வாளும் சூழ்ச்சியும் உண்டு, ஏரி வாரியம் இல்லை. இன்று எங்கோ ஒரு நாட்டில் திராவிடரைத் தேர்ந்தெடுத்து ஆடும் சிறுவன் தமிழ் என்ற மொழியின் ஒலியை முதன்முறையாக அங்கே கேட்கிறான். அவனுடைய ஆர்வம் தூண்டப்பட்டு, இவர்கள் யார் என்று தேடத் தொடங்கினால், அவன் மொழியில் அவனுக்குப் படிக்கக் கிடைப்பது என்ன என்பது நம்மைப் பொறுத்தது. கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே அந்த ஏரி, பொன்னேரி என்ற பெயரில் இன்றும் கிடக்கிறது. கோயிலைக் காண வருபவர்களில் மிகச் சிலரே அதுவரை நடந்து செல்கிறார்கள்.