திருந்தியவருக்குக் கதவு உண்டா? சான் குவென்டின், அங்கோலா சிறைகள்: ஓர் ஒப்பாய்வு

அமெரிக்க மாநிலச் சிறைகளில் சீர்திருத்தம் பற்றிப் பேச்செடுத்தால் கலிஃபோர்னியாவின் சான் குவென்டினும் லூசியானாவின் அங்கோலாவும் தவறாமல் அடிபடும். இரண்டும் கொடுமைக்குப் பேர்போனவை. இன்று இரண்டிலும் கல்லூரிப் படிப்பு உண்டு. கைதிகளே நடத்தும் பத்திரிகையும் உண்டு. இருந்தும், ஒன்றில் படிப்பு வெளியே போவதற்கான ஆயத்தம். மற்றதில் உள்ளேயே ஆயுளைக் கழிக்க ஒரு துணை. இந்த வேறுபாட்டின் வேரைத் தேடுவதே இந்த ஒப்பீட்டின் நோக்கம்.

தோற்றம்

கலிஃபோர்னியாவில் தங்க வேட்டைக்கு வந்த கூட்டத்தோடு குற்றங்களும் பெருகின. அடைத்துவைக்க இடமில்லாததால் ‘வாபன்’ என்ற பழைய கப்பலில் கைதிகளைப் பூட்டிவைத்தார்கள். அவர்கள் கையாலேயே கட்டப்பட்டு 1852-இல் தொடங்கியது சான் குவென்டின். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில், பெருநகரத்துக்கு அருகே அமைந்த சிறை அது.

அங்கோலா வேறு வகை. மூன்று பக்கமும் மிசிசிப்பி ஆறு சூழ்ந்த 18,000 ஏக்கர். மன்ஹாட்டனைவிடப் பெரிய பரப்பு. அடிமை வணிகர் ஐசக் பிராங்ளினுக்குச் சொந்தமாயிருந்த தோட்டம் அது. உள்நாட்டுப் போருக்குப் பின், தோற்ற தென்தரப்புப் படையில் மேஜராயிருந்த சாமுவேல் ஜேம்ஸ், கைதிகளைக் குத்தகைக்கு எடுத்து அங்கே வேலை வாங்கினார். 1901-இல் மாநில அரசு நேரடியாகப் பொறுப்பேற்றது. முன்பு அடிமைகள் பருத்தி எடுத்த நிலத்தில், பின்பு பெரும்பாலும் கறுப்பினக் கைதிகள் பருத்தி எடுத்தார்கள். 1951-இல் அடி உதை தாளாமல் முப்பதுக்கும் மேற்பட்டோர் தங்கள் குதிகால் தசைநாணைத் தாங்களே அறுத்துக்கொண்டார்கள். குதிரைமேல் காவலர் மேற்பார்வையிட, மணிக்குச் சில சென்ட் கூலிக்கு வயலில் குனிந்து வேலை செய்வது இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்திருக்கிறது.

இதை வைத்துக் கலிஃபோர்னியாவைப் புனிதமாக்கிவிட முடியாது. சிறையில் கட்டாய உழைப்பை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை லூசியானா வாக்காளர்கள் 2022-இல் நிராகரித்தார்கள். கலிஃபோர்னியா வாக்காளர்களும் 2024-இல் அதையேதான் செய்தார்கள்.

கல்வி

1994-இல் வந்த கூட்டாட்சிக் குற்றச் சட்டம், கைதிகளுக்கான கல்லூரி உதவித்தொகையை நிறுத்தியது. நாடெங்கும் சிறைக் கல்லூரிகள் மூடப்பட்டன. அந்த வெற்றிடத்தை இரு சிறைகளும் இருவிதமாக நிரப்பின. சான் குவென்டினில் 1996-இல் தன்னார்வ ஆசிரியர்களைக் கொண்டு வகுப்புகள் தொடங்கின. சுற்றியிருக்கும் பல்கலைக்கழகங்களிலிருந்து பாடம் நடத்த ஆள் வருவது எளிது. அந்த முயற்சியே வளர்ந்து, 2022-இல் மவுண்ட் தமல்பைஸ் கல்லூரி என்ற பெயரில் தனித்த அங்கீகாரம் பெற்றது. இணைய இணைப்பே இல்லாத அறையில் மென்பொருள் நிரல் எழுதக் கற்றுத்தரும் வகுப்பும் அங்கே நடந்தது.

அங்கோலாவுக்குப் போகும் நெடுஞ்சாலை சிறை வாசலோடு முடிந்துவிடும். அங்கே பர்ல் கெய்ன் கண்காணிப்பாளராக இருந்தபோது, 1995-இல் நியூ ஆர்லியன்ஸ் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி கைகொடுத்தது. பட்டம் பெற்ற கைதிகள் சக கைதிகளுக்குப் போதகர்களானார்கள். சிலர் மாநிலத்தின் பிற சிறைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். படித்தவர் சிறைக்குள்ளேயே பயன்படும்படி அமைந்த படிப்பு இது.

பத்திரிகை

இதழியலில் அங்கோலாவின் தட்டே தாழ்ந்திருக்கிறது. ‘சான் குவென்டின் நியூஸ்’ 1940-இல் தொடங்கி, இடையில் பல ஆண்டுகள் நின்று, 2008-இல் மீண்டும் வந்தது. ‘அங்கோலைட்’ இதழோ 1976-இல் வில்பர்ட் ரிடோ ஆசிரியரானபின் தணிக்கையின்றி வெளிவந்து, சிறைக்குள் நடக்கும் பாலியல் வன்முறையைத் துணிந்து எழுதி, ஜார்ஜ் போல்க் விருது வரை பெற்றது.

ஆனால் எழுதியவருக்கு என்ன கிடைத்தது? கொலைக் குற்றத்துக்காக 1961 முதல் சிறையிலிருந்த ரிடோவை விடுவிக்கலாம் என மன்னிப்புக் குழு பலமுறை பரிந்துரைத்தும் ஆளுநர்கள் இசையவில்லை. அவரைக் குற்றம்சாட்டிய நடுவர் குழுவில் இனப் பாகுபாடு இருந்தது எனக் கூட்டாட்சி நீதிமன்றம் கண்டு, பழைய தீர்ப்பை ரத்து செய்தது. 2005-இல் மறுவிசாரணைக்குப் பிறகே, 44 ஆண்டுகள் கழித்து வெளியே வந்தார். அவர் திருந்தியது கதவைத் திறக்கவில்லை. வழக்கிலிருந்த ஓட்டைதான் திறந்தது. சான் குவென்டினில் 2017-இல் ‘இயர் ஹசில்’ ஒலித்தொடரைத் தொடங்கியவர்களில் ஒருவரான எர்லான் உட்ஸின் தண்டனையை, அடுத்த ஆண்டே ஆளுநர் ஜெரி பிரவுன் குறைத்தார். அதற்குச் சொன்ன காரணங்களில் அந்த ஒலித்தொடரும் ஒன்று.

கதவு

வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. லூசியானாவிலும் முன்பு, நன்னடத்தையுள்ள ஆயுள் கைதி பத்தரை ஆண்டில் வெளியேறும் வழக்கம் இருந்தது. 1970-களில் சட்டங்கள் படிப்படியாக இறுகி, 1979-இல் அந்த வழி அடைபட்டது. கலிஃபோர்னியாவில் ஆயுள் கைதிகளில் பெரும்பாலோர் ஒருநாள் முன்விடுதலைக் குழுவின் முன் உட்கார முடியும். செய்த குற்றத்தை எவ்வளவு உணர்ந்திருக்கிறார், என்ன படித்திருக்கிறார் என்று அங்கே கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு மதிப்பு உண்டு.

அங்கோலாவில் பலருக்கு அந்த நாள் வராது. 1998-இல் அங்கே தொடங்கிய இறுதிக்காலப் பராமரிப்புப் பிரிவில், பயிற்சி பெற்ற கைதிகளே சாகக் கிடக்கும் கைதிகளைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, இரவெல்லாம் உடனிருக்கிறார்கள். சவப்பெட்டியும் சிறைத் தச்சுப் பட்டறையிலேயே தயாராகிறது. மதபோதகர் பில்லி கிரஹாம் 2018-இல் அடக்கமானதும் அங்கோலா கைதிகள் செய்த பெட்டியில்தான். இதைவிட ஆழ்ந்த மனமாற்றத்துக்குச் சான்று கேட்க முடியாது. ஆனாலும் சட்டம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சான் குவென்டினும் குறையற்றதல்ல. 2020-இல் வேறொரு சிறையிலிருந்து கைதிகளை மாற்றியபோது கொரோனா உள்ளே புகுந்து 28 கைதிகளின் உயிரைக் குடித்தது. நார்வே முறையை முன்னுதாரணமாகக் கொண்டு 2023-இல் ‘மறுவாழ்வு மையம்’ என்று பெயர் மாற்றியது மட்டும் அந்த நெரிசலான அறைகளைத் திருத்திவிடாது.

ஆகவே, சீர்திருத்தத் திட்டங்களை எண்ணிச் சிறைகளுக்கு மதிப்பெண் போடுவது ஏமாற்றும். மனிதரைத் திருத்துவதில் அங்கோலா குறைந்ததில்லை. திருந்தியவரை என்ன செய்வது என்பதில்தான் லூசியானா தோற்கிறது. அந்தத் தோல்விக்குச் சிறை நிர்வாகத்தைவிடச் சட்டமன்றமே அதிகம் பதில் சொல்ல வேண்டும்.