பழைய ஆங்கில இலக்கியத்தில் ஏர் பிடித்தவன்

நம் சமுதாய இளைஞர்களுள் ஆங்கில இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் பயில்வோர் இன்று இருக்கின்றனர். அவர்களை மனத்திற்கொண்டே இக்கட்டுரையை எழுதுகின்றோம். நாம் பி.ஏ. பயின்ற காலத்தில் ஆங்கில இலக்கிய வரலாறு என்றொரு தாள் இருந்தது. பேயோவுல்ஃப், கேட்மன், லாங்லண்ட், சாசர் எனப் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்து எழுதினோம், தேர்ச்சியும் பெற்றோம். அந்நூல்கள் பிறந்த நாட்டில் நிலத்தை உழுதவன் யார், அவன் பிள்ளை பள்ளிக்குச் சென்றானா என்று எவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆசிரியப் பணிக்கு வந்த பின்னர், வரலாற்று நூல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றை மீண்டும் படித்தபோது அவை வேறு நூல்களாகவே தோன்றின.

பேயோவுல்ஃப் 3,182 அடிகளைக் கொண்ட வீர காவியம். அரசர், வீரர், விருந்து மண்டபம், வாள் இவையே அதன் உலகம். அதன் பிற்பகுதியில் ஒரு நாகம் சினங்கொண்டு நாட்டை எரிக்கின்றது. அதன் புதையலிலிருந்து கிண்ணம் ஒன்றை எடுத்தவன், தலைவனின் அடிக்கு அஞ்சி ஓடிய ஒருவன். அவனுக்குப் பெயரில்லை. காவியத்துக்கு எஞ்சியிருப்பது ஒரே ஓர் ஏடு. அதில் அவன் இன்னான் என்று சொல்லும் சொல் சிதைந்து முதலெழுத்து மட்டுமே தெரிகின்றது. ‘அடிமை’ என்பதே அச்சொல் என்று பதிப்பாசிரியர் பலர் நிரப்பிப் படிப்பர்.

பெயர் கிடைத்தவர் ஒருவர் உண்டு, அவர் கேட்மன். துறவியாகிய பீட் 731இல் முடித்த வரலாற்று நூலில் அவர் கதை வருகின்றது. விருந்துகளில் யாழ் கைமாறித் தம்மிடம் வரும்போது பாடத் தெரியாத வெட்கத்தால் எழுந்து போய்விடுவாராம். அவ்வாறு வந்து மாட்டுத் தொழுவத்தில் காவலுக்குப் படுத்த ஓரிரவில், கனவிலே பாட்டுப் பிறந்தது. விட்பி மடத்துத் தலைவி ஹில்டா அவரை மடத்தில் சேர்த்துக்கொண்டார். கற்றோர் வேதக் கதைகளைச் சொல்ல, எழுத்தறியாத அவர் அவற்றைப் பாட்டாக்கினார். அவருடையதென்று உறுதியாகச் சொல்லத்தக்கவை ஒன்பது அடிகளே. தொழுவத்து மனிதர் பாடினார். ஆனால் தொழுவத்தைப் பற்றிப் பாடியதாகச் செய்தி இல்லை. மடம் எதைக் கேட்டதோ அதைப் பாடினார், மடம் எதை எழுதியதோ அது நின்றது. இதனை நம் இளைஞர்கள் சற்று நின்று எண்ண வேண்டும்.

அடுத்து வருவதை ஓர் ஆசிரியர் என்ற முறையில் நாம் சற்று விரித்தே சொல்ல விரும்புகின்றோம். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டளவில் ஏல்ஃப்ரிக் என்னும் துறவி, மடத்துச் சிறுவர்களுக்கு இலத்தீன் பேசக் கற்பிப்பதற்காக ஓர் உரையாடல் பாடம் எழுதினார். ஆசிரியர் கேட்பார், மாணவர் ஒருவர் உழவனாகவும், ஒருவர் மீனவனாகவும், ஒருவர் இடையனாகவும் விடை சொல்வர். நம் பள்ளிகளில் பிள்ளைகள் வேடம் புனைந்து பேசுவதைப் போன்றதுதான். உழவன் வேடமேற்ற சிறுவன் சொல்வது இது: விடியுமுன் மாடுகளை ஓட்டிச் சென்று நுகத்தில் பூட்டுகின்றான். எவ்வளவு கடுங்குளிராயினும் ஆண்டைக்கு அஞ்சி வீட்டில் தங்குவதில்லை. நாள்தோறும் ஓர் ஏக்கரோ அதற்கு மேலோ உழுதாக வேண்டும். தாற்றுக்கோலுடன் மாடோட்டும் பையனுக்குக் குளிராலும் கூச்சலாலும் தொண்டை கட்டிவிட்டது. இத்தனை உழைப்பும் எதனால் என்றால், அவன் சுதந்திரமானவன் அல்லன் என்பதால்.

பாடத்தின் பிற்பகுதியில், உலகத் தொழில்களுள் எது தலையாயது என்ற வினா எழுகின்றது. எல்லோருக்கும் சோறு போடும் உழவே என்று விடை வருகின்றது. கொழு இல்லாமல் எப்படி உழுவாய் என்று கொல்லன் சண்டைக்கு வருகின்றான். ஈற்றில், அவரவர் தொழிலை அவரவர் ஒழுங்காகச் செய்க என்று பஞ்சாயத்து முடிகின்றது. தொழிலுக்கு முதலிடம், தொழிலாளிக்கு அடிமைத்தளை. இந்தத் தீர்ப்பு நம் காதுக்குப் புதிதன்று. ஆயினும் ஏல்ஃப்ரிக்கை நாம் பழிக்க மாட்டோம். இலக்கணப் பாடத்தில் அந்த அழுகையை இடம்பெறச் செய்தவர் அவரே. அதைச் சொன்ன வாய் உழவனுடையதன்று, பள்ளிச் சிறுவனுடையது என்பதை மட்டும் மறவாதிருப்போம்.

அது வெறுங் கற்பனையுமன்று. 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானிய மன்னர் வில்லியம், 1086இல் நாட்டிலுள்ள நிலம், ஏர், ஆலை, ஆள் அனைத்தையும் கணக்கெடுக்கச் செய்தார். டூம்ஸ்டே ஏடு எனப்படும் அக்கணக்கில் சுமார் 28,000 அடிமைகள் காணப்படுகின்றனர். பதிவானோருள் ஏறத்தாழ பத்தில் ஒருவர். அவ்வடிமை முறை பின்னர் மெல்ல மறைந்தது. ஆனால் பண்ணையோடு கட்டுண்ட குடியானவர் நிலை நீடித்தது. ஆண்டையின் இசைவின்றி அவர் ஊரைவிட்டுப் போக முடியாது. மகளை மணமுடிக்கப் பணம் கட்ட வேண்டும். அவருக்குப் பிரெஞ்சு வழி வந்த பெயர் ‘வில்லன்’. பண்ணையாள் என்பதே அதன் பொருள். மேலோர் வாயில் புழங்கிப் புழங்கி அது கயவனைக் குறிக்கும் சொல்லாயிற்று. நம் திரைப்படங்களில் கதாநாயகனிடம் உதைபடும் வில்லனுக்குப் பெயர் தந்தவன் ஏழைப் பண்ணையாள்தான்!

1348, 1349ஆம் ஆண்டுகளில் கொள்ளை நோய் வந்து மக்களில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் மாண்டனர். ஆள் குறைந்ததால் கூலி உயர்ந்தது. உடனே, நோய்க்கு முன்பிருந்த கூலிக்கு மேல் கேட்கலாகாதென்று 1351இல் சட்டம் வந்தது. இச்சூழலில் பிறந்ததே லாங்லண்டின் ‘பியர்ஸ் என்னும் உழவன்’. உண்மையின் வழியைக் காட்டுபவனாக ஓர் உழவனையே அதில் நிறுத்தினார் கவிஞர். எனினும், நேற்றைய கறி வேண்டாம், சுடச்சுட உணவு வேண்டும் என்று கேட்கும் கூலியாட்களை அதே நூலில் கடிந்தும் பேசுகின்றார். உழவனைப் போற்றுவது எளிது, கூலி கேட்கும் உழவனைப் பொறுப்பது அரிது போலும்.

கேட்டவர்களோ நூலைத் தம் வழியில் எடுத்துக்கொண்டனர். மூன்றாம் முறையாகத் தலைவரி விதிக்கப்பட்டபோது, 1381 சூனில் எசெக்ஸ், கென்ட் மக்கள் இலண்டனுக்குள் புகுந்தனர். மனிதர் யாவரும் தொடக்கத்தில் சமமே என்று போதித்த ஜான் பால் என்னும் குருவின் பெயரால் பரவிய கடிதத்தில் பியர்ஸ் உழவனின் பெயர் வருகின்றது. அடிமைக் கட்டு ஒழிய வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கை. சென்ற இடங்களிலெல்லாம் அவர்கள் எரித்தவை பண்ணைப் பத்திரங்கள். தம்மைக் கட்டுண்டவர் என்று சொன்ன ஏடுகள். தலைவர் வாட் டைலர் சூன் 15இல் கொல்லப்பட்டார். சரியாக ஒரு திங்கள் கழித்து ஜான் பாலும் தூக்கிலிடப்பட்டார். மன்னர் கொடுத்த விடுதலைச் சாசனங்கள் திரும்பப் பெறப்பட்டன.

எசெக்ஸ் மக்கள் நுழைந்த ஆல்ட்கேட் வாசலின் மேல்மாடி வீடு அப்போது சாசரின் குத்தகையில் இருந்தது. அத்தகைய கவிஞர் அந்நிகழ்ச்சியை வெளிப்படையாகக் குறிப்பது, சேவலைக் கவ்விச் சென்ற நரியைத் துரத்தும் கூச்சலுக்கு உவமையாக ஓரிடத்தில் மட்டுமே. தம் கான்டர்பரிக் கதைகளின் முகவுரையில் அவர் ஓர் உழவரை நல்லவராகவே வருணிக்கின்றார். ஆனால் அவ்வுழவருக்குக் கதை ஒன்றும் தரவில்லை. கதை எங்கே என்று பின்வந்தோர் தேடி, தாமே எழுதிச் சேர்த்தனர்.

கலகம் அடங்கிப் பத்தாண்டு கழிந்து, 1391இல் இங்கிலாந்தின் மக்களவை மன்னரிடம் ஒரு விண்ணப்பம் வைத்தது. கட்டுண்ட குடியானவர் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைத் தடை செய்ய வேண்டும். சுதந்திரமானவரின் மதிப்பைக் காக்க இது தேவை என்பது அதன் சாரம். மன்னர் இணங்கவில்லை. 1406இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, எந்நிலையில் உள்ள ஆணும் பெண்ணும் தம் மகனையோ மகளையோ தாம் விரும்பும் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்கலாம் என்றது. சாசர் மறைந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.