பெயரேட்டில் இல்லாதவர்கள்



கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரத் தோட்டங்களில் வேர்விட்ட நம் குடும்பங்கள் பலவற்றில் ‘சயாமுக்குப் போனவர்’ என்று குறிக்கப்படும் ஒருவர் உண்டு. அவர் எந்த நாளில் இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்பது வீட்டாருக்குத் தெரியாது. திதி கொடுப்பதற்குக்கூட ஒரு நாள் இல்லை. அவர் எப்படிக் காணாமற்போனார் என்பதை இன்று பார்ப்போம்.

ஓர் அரசு தன் பிடியில் உள்ளவர்களை மனிதர்களாகக் கருத மறுத்தால் என்ன விளையும் என்பதற்கு, இருபதாம் நூற்றாண்டு கண்ட கொடிய சான்று ஹிட்லரின் ஜெர்மனி. 1935-இல் நூரம்பர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. 1938-இல் மற்றோர் ஆணை பிறந்தது. பெயரைக் கேட்டதும் யூதர் என்று தெரியாத ஆண்கள் ‘இஸ்ரேல்’ என்றும், பெண்கள் ‘சாரா’ என்றும் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது அது. ஆவுஷ்விட்ஸ் முகாமில் பெயரே போய், கையில் பச்சை குத்திய எண் மட்டுமே மிஞ்சியது. முதலில் உரிமை போயிற்று, பிறகு பெயர், கடைசியில் உயிர். ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர்.

அதே போரில் ஜெர்மனியின் கூட்டாளியாக நின்றது ஜப்பான். அதன் இராணுவ ஆட்சியின்கீழ்தான் நம் தோட்டத் தொழிலாளர் அகப்பட்டனர்.

1941-இன் தொடக்க மாதங்களில் கிள்ளான் தோட்டங்கள் கொந்தளித்துக்கொண்டிருந்தன. கூலி உயர்வு கேட்டும், வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவை எதிர்த்தும் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

அவ்வாண்டு டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. துரைமார் ஓடினர், ரப்பர் வாங்க ஆளில்லை, பர்மா, சயாம் அரிசி வரவில்லை. மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. மானத்துக்காகப் போராடிய மக்கள் பசியில் தவித்த நேரத்தில்தான் ‘சயாமில் வேலை’ என்ற அழைப்பு வந்தது.

சயாமிலிருந்து பர்மாவுக்குச் சுமார் 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைக்க ஜப்பானிய இராணுவம் ஆள் தேடியது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, உணவும் தங்குமிடமும் உண்டு என்றார்கள். நம்பிப் போனவர் உண்டு. போதிய ஆள் வராதபோது தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு விதித்தார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிச் சென்று, அப்படியே இரயிலேற்றியதாகவும் தப்பி வந்தோர் கூறியிருக்கிறார்கள். சரக்கு வண்டிகளில் பான்போங் வரை பயணம். பிறகு காட்டு வழியே நடை.

அங்கே 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளும் வேலை செய்தனர். அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் நிலை இன்னும் மோசம். கைதிகளுடன் அவர்களுடைய அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லவும், நோயாளியைப் பிரித்து வைக்கவும் ஆளிருந்தது. நம்மவர்க்கு அந்தத் துணை இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா புகுந்தபோது முகாம் முகாமாக மடிந்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். பர்மியர், ஜாவானியர் உட்பட ஆசியத் தொழிலாளர் மொத்தத்தில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தனர் என்பது மதிப்பீடு. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது.

இரு கொடுமைகளும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. ஹிட்லரின் நோக்கம் ஓர் இனத்தையே அழிப்பது. ஜப்பானிய இராணுவத்துக்குத் தேவைப்பட்டது உழைப்பு; உழைப்பவன் செத்தால் இன்னொருவன் வருவான் என்பது அதன் கணக்கு. ஆனால், மனிதனைக் கணக்காக்கும் மனம் இரண்டிலும் ஒன்றுதான்.

இறந்த பிறகும் வேறுபாடு நீடித்தது. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 வீரர்கள் வரிசையாகத் துயில்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு. எருசலேமிலுள்ள யாத் வாஷெம் நிலையம், கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களை உறவினரிடம் கேட்டுக்கேட்டுச் சேர்த்து, 40 இலட்சத்தைக் கடந்துவிட்டது. நம்மவரோ குழிகளில் மொத்தமாகப் புதைக்கப்பட்டார்கள். 1990-இல் காஞ்சனபுரி அருகே கரும்புத் தோட்டமொன்றில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஜப்பானிய இராணுவமே 1944-இல் அங்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தில் தமிழ் வாசகமும் இருக்கிறது. தமிழ் இருக்கிறது, தமிழன் பெயர் இல்லை.

ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலில் அந்தத் துயரைப் பதிந்தார். 2023-இல் காஞ்சனபுரியில் தமிழருக்கு நடுகல்லும் எழும்பியது. மீதிக் கடன் நம் வீட்டில் இருக்கிறது. அந்தத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள், லயங்கள் மறைந்தன, நேரில் கண்டவர்களும் ஏறத்தாழ மறைந்துவிட்டார்கள். ஆனால், அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளும் பேரர்களும் இருக்கிறார்கள்.

நேயர்களே, இன்றிரவே வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். போனவர் பெயர் என்ன? எந்தத் தோட்டம்? யாருடைய மகன்? ஒரு தாளில் எழுதி வையுங்கள். எண்ணாகக் கரைந்தவரை மனிதராக மீட்பதற்கு முதலில் வேண்டியது அந்தப் பெயர்தான்.