பழைய ராக் அண்ட் ரோல் சாயல் பாடல்கள், புதிய தமிழ்ப் படங்களில்

அமெரிக்காவில் 1950களில் எழுந்த ராக் அண்ட் ரோல் தமிழ்த் திரைக்கு அப்படியே வந்து சேரவில்லை. கிடாரும் டிரம்ஸும் ட்விஸ்ட் ஆட்டமுமாக நம் மெல்லிசையில் கரைந்தே வந்தது. ஜி. ராமநாதன் இசையமைத்த ‘உத்தம புத்திரன்’ (1958) படத்தின் ‘யாரடி நீ மோகினி’ இதன் தொடக்க காலச் சான்று. கோவையில் உருவான ‘சிவகவி’ (1943) போன்ற படங்களில் கர்நாடக ராகங்களைக் குழைத்துத் தந்தவர், இந்தத் துள்ளலையும் தயங்காமல் கையாண்டார். ஐம்பது ஆண்டு கழித்து, 2008இல், தனுஷ் நடித்த படம் ஒன்று இந்தப் பாட்டின் முதல் அடியையே பெயராகச் சூடிக்கொண்டது.

இந்தத் துள்ளலை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவர் எம்.எஸ். விஸ்வநாதன். அவருடைய திரைவாழ்வும் கோவையில்தான் தொடங்கியது. ஜூபிடர் பிக்சர்ஸ் படமெடுத்துவந்த சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அங்கே இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் பக்கத்திலிருந்து தொழில் பழகினார்.

பின்னர் அவரும் டி.கே. ராமமூர்த்தியும் இணைந்து இசையமைத்த ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்துக்காக, இயக்குநர் ஸ்ரீதர் பொள்ளாச்சிக்கு அடுத்த ஆழியாற்றுக்கு வந்தார். வேலை பறிபோன இளைஞன் முதலாளியின் வீட்டு முன்னாலேயே கூடாரம் அடித்துப் போராடும் காட்சி அதில் வருகிறது. கோஷமாகப் போயிருக்க வேண்டியது ட்விஸ்ட் தாளத்தில் கொண்டாட்டமாகிவிட்டது. தாத்தாவும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் படத்தில் மேற்கத்தியத் துள்ளல் இத்தனை இயல்பாகப் பொருந்தியதற்கு இதைவிட நல்ல சான்று தமிழில் இல்லை.

பழைய பாட்டுக்குப் புதுத் தாளம் போடும் ரீமிக்ஸ் அலை ‘குறும்பு’ (2003) படத்தில் யுவன் சங்கர் ராஜாவோடு கிளம்பியது. தொடர்ந்து, ‘படகோட்டி’ (1964) பாடல் ஏ.ஆர். ரகுமான் வழியாக ‘நியூ’ (2004) படத்துக்கும், ‘சொர்க்கம்’ (1970) படத்தின் ‘பொன்மகள் வந்தாள்’ ‘அழகிய தமிழ்மகன்’ (2007) படத்துக்கும் போயின. ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) பாடல் ‘பொல்லாதவன்’ (2007) படத்தில் ஒலித்தது. இந்த மூன்றிலும் மூல மெட்டு விஸ்வநாதனின் கைவண்ணம். முதலாவதில் ராமமூர்த்திக்கும் பங்குண்டு. பொன்மகளை டி.எம். சௌந்தரராஜன் பாடிய மூலத்தைக் கேட்டவருக்கு, ரீமிக்ஸில் கூடியது வேகம் மட்டுமே என்பது விளங்கும்.

அண்மைய படங்கள் மூல ஒலிப்பதிவுக்கே திரும்பிவிட்டன. இது நல்ல மாற்றம். ‘லப்பர் பந்து’ (2024) படத்தில் ‘பொன்மனச் செல்வன்’ (1989) பாட்டு ஒலித்ததும் திரையரங்குகள் அதிர்ந்தன. அதே ஆண்டில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படம், ‘குணா’ (1991) பாட்டைத் தமிழிலேயே ஒலிக்கவிட்டது. அந்தப் பாட்டுக்கு இசையமைத்த இளையராஜாவின் தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப, உரிமை பாட்டைப் படைத்தவனுக்கா, ஒலிநாடா நிறுவனத்துக்கா என்ற வழக்கு மறுபடியும் சூடுபிடித்தது.