எண்ணப்படாத ஊரின் வேலைக்கணக்கு

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையே உள்ள ஊர் புளியங்குளம். நெடுங்கேணி வீதி இங்கிருந்தே கிழக்கே பிரிகின்றது. குளத்து நீரையும் வடகீழ்ப் பருவமழையையும் நம்பி வயல் செய்யும் இவ்வூரில், வேலையற்றோர் எத்தனை பேர் என்ற வினாவுக்கு விடை காண்பது எளிதன்று.

மாரியில் காலபோகம் விதைத்து, தை, மாசியில் அரிவு வெட்டும் கமக்காரருக்கு அக்காலத்தில் ஓய்வென்பதே கிடையாது. குளத்தில் நீர் எஞ்சினால் சிறுபோகம் உண்டு. எஞ்சாவிடின் ஆவணியிலே கையைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்திருக்கவேண்டியதே. அவ்வேளை கணக்கெடுப்பவர் ஒருவர் படலையைத் திறந்து வந்து, “சென்ற கிழமையில் ஒரு மணித்தியாலமாயினும் வேலை செய்தீர்களா, ஐயா?” என வினவுகின்றார். மகனுடைய தோட்டத்துக்குச் சற்றுநேரம் நீர் இறைத்ததை அவர் கூறுவாராயின், கூலி பெறாவிடினும் அவர் தொழில் புரிபவரே.

இந்த ஒரு மணித்தியால விதி 1982ஆம் ஆண்டில் தொழிற் புள்ளிவிபரவியலாளரின் சர்வதேச மாநாட்டிலே உறுதிசெய்யப்பட்டது. வேலையற்றவர் எனப் பெயர் பெறுவதற்கு, வேலை இல்லாதிருத்தல் மட்டும் போதாது. வேலை தேடியிருத்தல் வேண்டும். கிடைத்தால் ஏற்க ஆயத்தமாயும் இருத்தல் வேண்டும். தேடிச் சலித்து வீட்டிலே இருந்துவிட்டவர் இக்கணக்கின்படி வேலையற்றவரல்லர், ஊழியப்படைக்கே புறம்பானவர். வேலையற்றோர் வீதம் என்பது ஊழியப்படையினுள் இருப்போரை மட்டும் கொண்டு வகுக்கப்படுவது. இந்நுட்பத்தை அறியாது அவ்வீதத்தைப் படிப்பவர் ஏமாறுவார்.

இவ்வகைக் கணக்குகளின் வரலாறு நீண்டதன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் வேலையின்மை பற்றிய தகவலை அரசுகள் அனுப்பவேண்டும் என்று சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1919ஆம் ஆண்டு உடன்படிக்கை விதித்தது. அமெரிக்காவில் மாதந்தோறும் வீடுகளுக்குச் சென்று வினவும் முறை 1940இல் தொடங்கிற்று. அங்கே தொழில்தருநரின் சம்பளப் பதிவுகளைக் கொண்டு மற்றொரு கணக்கும் எடுக்கப்படுகின்றது. முன்னது ஆட்களை எண்ணுவது. பின்னது வேலைகளை எண்ணுவது. இரண்டு வேலை பார்ப்பவர் பின்னதில் இருமுறை எண்ணப்படுவார். வயலில் உழைப்பவரோ அதில் இடம்பெறவே மாட்டார்.

இலங்கையில் மத்திய வங்கி நடத்திய அளவீடுகள் 1963இல் வேலையின்மையை நூற்றுக்கு 13.8 எனவும், 1973இல் 24 எனவும் காட்டின. இவற்றுக்கு இடையே, 1971இல், டட்லி சீர்ஸ் தலைமையில் வந்த தூதுக்குழு படித்த இளைஞரின் நிலையை ஆராய்ந்தது. கல்வி ஊட்டிய எதிர்பார்ப்புக்கும் நாட்டிலே கிடைத்த தொழில்களுக்கும் இடையே இருந்த பிளவை அது எடுத்துக்காட்டியது. அரசாங்க உத்தியோகத்துக்கு வடபகுதியில் உள்ள மதிப்பை அறிந்தோர்க்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. படித்த வாலிபரை மண்ணிலே குடியேற்றும் திட்டங்கள் வன்னியில் முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற இடங்களில் உருவாயின. 1970 முதல் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. 1977இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டது, விலை வீழ்ந்தது. ஆயினும் விலை இழந்த விவசாயி அன்றும் தோட்டத்திலேதான் நின்றார். வருமானம் குன்றிற்றேயன்றி, கணக்கில் அவருடைய நிலை மாறவில்லை.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் காலாண்டு ஊழியப்படை அளவீட்டை 1990இல் ஆரம்பித்தது. அதே ஆண்டிலே போர் மீண்டும் மூண்டு, வடக்குக்கான புகையிரதமும் நின்றது. அளவீடு வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டே நடந்தது. அவ்வாண்டில் 15.9ஆக இருந்த வீதம் 2000இல் 7.6ஆகக் குறைந்ததைப் பலர் நாட்டின் முன்னேற்றம் என்றனர். ஆடைத் தொழிற்சாலைகளும் மத்திய கிழக்கு வேலைகளும் பெருகியது மெய்யே. ஆனால் ‘நாடு’ என்ற அச்சொல்லில் புளியங்குளம் அடங்கவில்லை. 1997 மே மாதத்தில் தொடங்கிய ஜெயசிக்குறு படை நடவடிக்கையில் இவ்வூர் மாதக்கணக்காகப் போர்முனையாயிருந்தது, மக்கள் இடம்பெயர்ந்தனர், வயல்கள் பாழ்பட்டன. வேலையும் ஊரும் ஒருங்கே இழந்த அவர்கள் அந்த 7.6இல் ஒரு புள்ளியளவுகூட இல்லை. 2001ஆம் ஆண்டின் குடிசன மதிப்பும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் நடைபெறவில்லை. எல்லா மாவட்டங்களும் காலாண்டு அளவீட்டில் ஒழுங்காக இடம்பெறத் தொடங்கியது 2011இலேயே. எனவே அதற்கு முந்திய வீதத்தையும் பிந்திய வீதத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுபவர் வெவ்வேறு நிலப்பரப்புகளை ஒப்பிடுகின்றார்.

அண்மைக்கால உதாரணம் ஒன்றும் உண்டு. 2022இல் நாட்டின் பொருளாதாரம் நூற்றுக்கு ஏழுக்கு மேல் சுருங்கிற்று. எரிபொருளுக்கு மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். அவ்வாண்டின் வேலையற்றோர் வீதமோ 4.7, முந்திய ஆண்டின் 5.1ஐ விடக் குறைவு! வறியவர் வேலையின்றி இருக்க இயலாது. கிடைத்த கூலிக்குக் கிடைத்த வேலையைச் செய்வார். ஏனையோர் சிலர் தேடுவதைக் கைவிட்டனர். சிலர் கடல் கடந்தனர். ஊழியப்படையிற் பங்குபற்றுவோரின் வீதம் 2023இல் 48.6ஆக இறங்கியதையும் உடன் வைத்துப் படித்தால் மட்டுமே அந்த 4.7 விளங்கும்.

வன்னிக்கு வரும்போது இன்னும் இரண்டு அவதானங்கள் தேவை. அரிவு வெட்டுக் காலமாகிய முதலாம் காலாண்டை முந்திய ஆண்டின் முதலாம் காலாண்டோடு ஒப்பிடவேண்டும். அதற்கு அடுத்துமுன் வந்த காலாண்டோடு ஒப்பிடலாகாது. மேலும், சிறிய மாவட்டத்தில் வினவப்படும் வீடுகள் சிலவே ஆதலின், ஓர் ஆண்டின் ஏற்றமும் இறக்கமும் தற்செயலாகவும் நேரலாம். மாவட்ட வீதங்கள் ஆண்டறிக்கையிலே தரப்படுவதற்கும் இதுவே காரணம். வவுனியாவுக்கு ஒரு வீதம் கிடைக்கும். அதில் நகரத்துக் கடைச் சிப்பந்தியும் புளியங்குளத்துக் கமக்காரரும் ஒன்றாகவே கலந்திருப்பர்.